பெரியவர்களை இல்லத்தில் சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தெருவிலோ உறவிலோ ஒரு பெரியவரை இல்லத்தில் சேர்க்கும் பேச்சு வந்தால், "சிஸ்டரைக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதியோர் இல்லம், சீனியர் லிவிங், அசிஸ்டட் லிவிங், நர்சிங் கேர்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எங்க அப்பாவுக்கு எது சரி?

போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். அப்பா தானாக எழுந்து பாத்ரூம் போகிறாரா, தானாகச் சாப்பிடுகிறாரா, நேற்று நடந்தது இன்று நினைவிருக்கிறதா? முதலில் இதற்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பது போன்ற சீனியர் குடியிருப்பே போதும். மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றாலும் பக்கத்தில் துணைக்கு ஆள் வேண்டும், அதாவது அசிஸ்டட் லிவிங். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குக் கஞ்சி கொடுக்கும் குழாய்), யூரின் டியூப், தினமும் கட்டுப் போடவேண்டிய புண் என்று இருந்தால் 24 மணி நேரமும் படித்த நர்ஸ் இருக்கும் இடம்தான் வேண்டும்.

அடுத்து அவர்களிடம் கேட்கவேண்டியது: "இப்போ நடக்கிறார். நாளைக்குப் படுத்துட்டா வச்சுப்பீங்களா?" தன் வேலையைத் தானே செய்துகொள்பவரை மட்டும் வைத்துக்கொண்டு, படுக்கையானதும் வீட்டுக்குப் போன் போடும் இல்லங்கள் நிறைய உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும்.

கவர்மென்ட் பதிவு இருக்கான்னு கேட்டா தப்பா நினைப்பாங்களா?

நினைத்தால் நினைக்கட்டும், அதுவும் ஒரு தகவல்தான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும் அதன்கீழ் 2009-இல் வந்த தமிழ்நாட்டு விதிகளும் இருக்கின்றன. இல்லங்களின் பதிவை மாவட்ட சமூக நல அலுவலகம் கவனிக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் போய் இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். உள்ளேயே டாக்டர் வைத்து வைத்தியமும் செய்வதாகச் சொன்னால் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவையும், சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் கேளுங்கள்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அது உரிய அனுமதி இல்லாமல் நடந்துவந்தது என்பது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. அதற்காகப் பதிவு இருந்தாலே நல்ல இல்லம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு இல்லாத இடத்தைத் தள்ளிவிட அது உதவும். பதிவு உள்ளதில் எது நல்லது என்பதை நீங்கள்தான் நேரில் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

கூகுள்ல 4.8 ஸ்டார் இருக்கு. அது போதாதா?

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோதான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். அங்கே மெடிக்கேர் என்ற அரசு முதியோர் மருத்துவக் காப்பீட்டு அமைப்பு 2008-இலிருந்து நர்சிங் ஹோம்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. அரசு ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, பராமரிப்புக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் அது. நம் ஊர் கூகுள் ஸ்டாருக்குப் பின்னால் அப்படி எதுவும் கிடையாது.

விமர்சனங்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போட வந்தவர்கள் எழுதியதாக இருக்கும். ஒரு மணி நேரம் இருந்து, பரிமாறி, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு ராத்திரி அங்கே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு ஸ்டார் போட்டவர்கள் எழுதியதையும், அதற்கு இல்லம் என்ன தொனியில் பதில் சொல்லியிருக்கிறது என்பதையும் பாருங்கள். குறை சொன்னவரின் குடும்பத்தையே திட்டிப் பதில் எழுதும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

சுத்திப் பார்க்கக் கூப்பிட்டிருக்காங்க. எப்போ போறது, எதைப் பார்க்கிறது?

அவர்கள் சொல்லும் நேரத்துக்கு ஒருமுறை போங்கள். அது பெரும்பாலும் காலை பதினொரு மணியாக இருக்கும். குளிப்பாட்டி, தலை வாரி, ஹாலில் உட்கார வைத்திருக்கும் நேரம். பிறகு சொல்லாமல் இன்னொருமுறை, சாயங்காலம் ஆறரை மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். வாசலோடு நிறுத்தி "மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் சிரித்துப் பேசும் தாத்தாவை உங்களுக்கு அறிமுகப்படுத்துவார்கள். அவரிடம் பேசுங்கள், பாவம், அவருக்கும் பேச ஆள் வேண்டும். ஆனால் நீங்கள் பார்க்கவேண்டியது உள் அறையில் பேச முடியாமல் படுத்திருப்பவரை. குறை சொல்ல வாயில்லாதவரை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த இல்லம். அவருடைய நகம் வெட்டியிருக்கிறதா? உதடு வெடித்திருக்கிறதா? கண்ணாடி, காது மிஷின், பல்செட் எல்லாம் போட்டிருக்கிறாரா, மேஜை டிராயரில் கிடக்கிறதா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுமா, எதிர்ச் சுவரோரம் அழகாக மூடி வைத்திருக்கிறதா? பாட்டிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிராப் வெட்டியிருந்தால், யாரைக் கேட்டு வெட்டினார்கள் என்று கேளுங்கள்.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதோ ஓர் அறையில் மூத்திர வாடை அடித்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இப்போதுதான் நனைத்திருப்பார். நடைபாதை முழுக்கப் பழைய வாடை என்றால் அது மெத்தையிலும் தரையிலும் ஊறிப்போனது. மூச்சு முட்டுகிற அளவுக்கு பினாயிலோ ரூம் ஃபிரெஷ்னரோ அடித்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். படுக்கைப் பக்கத்தில் இருக்கும் அழைப்பு மணியை அமுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஊழியர்கள் பெரியவர்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பதும் காதில் விழும். "தாத்தா, கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா" என்பதும் "ஏய் கெழவி, திரும்பு" என்பதும் ஒரே நாளில் பழகிவரும் பேச்சு இல்லை.

ஸ்டாஃப் எத்தனை பேர்னு கேட்டா 20 பேர்னு சொல்றாங்க. அது அதிகமா, கம்மியா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபதில் சமையல், டிரைவர், வாட்ச்மேன், ஆபீஸ் என்று ஆறு பேரைக் கழியுங்கள். மிச்சம் 14. வாரம் ஒருநாள் லீவு என்றால் ஒரு நாளில் வேலையில் இருப்பவர்கள் 12. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் பகலுக்குப் பாதிப் பேர், ராத்திரிக்குப் பாதிப் பேர், அதிலும் ராத்திரிக்குக் குறைவாகவே போடுவார்கள். நாற்பது பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ராத்திரி நாலு பேர் இருந்தால் அதிகம். அதனால் மொத்த எண்ணிக்கையைக் கேட்காமல், "இன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த மாடியில யார் யார் முழிச்சிருப்பாங்க?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் நம்பலாம். "எல்லாரும் இங்கேயேதான் தங்கியிருக்காங்க" என்றால் எல்லோரும் தூங்குவார்கள் என்று அர்த்தம்.

அவர்களில் யார் நர்ஸ் என்பதும் முக்கியம். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்ஸிங் படித்து, தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிந்தவர்தான் நர்ஸ். யூனிஃபார்ம் போட்ட எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்; பலர் உதவியாளர்கள். நல்ல உதவியாளர் தங்கத்துக்குச் சமம், ஆனால் ஊசி போடுவதும் ரைல்ஸ் டியூப் மாற்றுவதும் அவர் வேலை இல்லை. இப்போது பல இல்லங்களில் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பொறுமையான பிள்ளைகள்தான். ஆனால் மறதி நோய் வந்த பெரியவருக்குத் தமிழ் மட்டுமே மிஞ்சியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் தமிழ் பேசும் ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்த படுக்கையா இருக்கார். ஒழுங்காப் பார்த்துக்கிறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உடம்பைப் பாருங்கள். கூச்சப்படாமல், நர்ஸை வைத்துக்கொண்டு, ஒருபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். படுக்கைப்புண் வரும் இடங்கள் தெரிந்தவைதான்: முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, பின்மண்டை. சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்கவேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் முதல் நிலை. நம் ஊர் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். குதிகாலைப் பார்க்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். திருப்பிய நேரத்தை எழுதும் சார்ட்டைக் கேளுங்கள். நாலு மணிக்கு நீங்கள் பார்க்கும்போதே ஆறு மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால், அல்லது நாள் முழுவதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை என்றால், அது திருப்பிய கணக்கு இல்லை. யூரின் டியூபோடு மாட்டியிருக்கும் பை படுக்கை மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவேண்டும். ரைல்ஸ் டியூபில் கஞ்சி கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையும், தலைப்பக்கம் உயர்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசிக் காலத்தில் சிலருக்குப் புண் வருவதுண்டு. அப்படி வந்தால் இல்லமே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். எலும்பு தெரியும் புண்ணை ஆஸ்பத்திரியில் வந்து முதல்முறை பார்க்கும் பிள்ளைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மா இளைச்சுட்டாங்க. கேட்டா வயசானா இளைக்கத்தானே செய்வாங்கங்கிறாங்க.

வயது மட்டும் இவ்வளவு வேகமாக இளைக்க வைக்காது. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் காரணம் தேடவேண்டும். 50 கிலோ இருந்தவருக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். சேர்த்த அன்றைக்கே எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள், அப்புறம் மாதாமாதம். எடை மெஷினே இல்லாத இல்லமும் உண்டு.

காரணம் நோயாக இருக்கலாம், பல்செட் பொருந்தாமல் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வேளை சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊட்டிவிட இருபது நிமிடம் ஆகும் பெரியவருக்கு ஐந்து நிமிடம் ஊட்டிவிட்டு, "போதும்னுட்டாங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்களா? ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு முடிந்து, காலை இட்லி எட்டரைக்கு வருகிறதா? அது பதினாலரை மணி நேரப் பட்டினி, சர்க்கரை உள்ளவருக்கு ஆபத்தும்கூட.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். டயப்பர் மாற்றும் வேலை குறையட்டும் என்று தண்ணீரைக் குறைக்கிற இடங்கள் இருக்கின்றன. நாக்கு வறண்டு, மூத்திரம் அடர்மஞ்சளாகப் போனால் கேள்வி கேளுங்கள். இதயம், கிட்னி கோளாறுக்காக டாக்டரே தண்ணீரைக் குறைத்திருந்தால் அது வேறு, அது எழுத்தில் இருக்கும்.

எப்போ போனாலும் அப்பா தூங்கிட்டே இருக்கார். மாத்திரை கொடுக்கிறாங்களோ?

மருந்துச் சார்ட்டைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லோராசிபம், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் மாதிரித் தூக்கம் வரவைக்கும் மருந்துகளின் பெயர்கள் இருந்தால், யார் எழுதியது, எதற்காக, எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று கேளுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு குவெட்டியாபின் வகை மருந்துகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே கடுமையான எச்சரிக்கை விட்டது. 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் அதில் சேர்த்தது. தேவைப்படும் நேரம் உண்டு, டாக்டர் யோசித்துத்தான் எழுதுவார். ராத்திரி ஆள் குறைவு என்பதற்காக எல்லோருக்கும் ஒரு மாத்திரை என்றால் அது வைத்தியம் இல்லை. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது.

நேற்று வரை பேசியவர் இன்று திடீரென்று மந்தமாகிவிட்டால் மாத்திரையை மட்டும் சந்தேகப்படாதீர்கள். மூத்திரத்தில் கிருமி, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ரத்தம், மூத்திரம் பரிசோதிக்கவேண்டும்.

விழுந்துடுவார்னு நாற்காலியோட துப்பட்டா வச்சுக் கட்டியிருந்தாங்க. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன்.

இனி விடாதீர்கள். கட்டிவைத்தால் விழுவது நிற்காது. நாற்காலியோடு சேர்ந்து விழுவார், எழ முயன்று கழுத்து மாட்டிக்கொள்ளும், கால் பலமும் போய்விடும். ஏன் அடிக்கடி எழுகிறார் என்று பார்த்தால் பாதி நேரம் பாத்ரூம் போகவேண்டியிருக்கும்.

விழுவது நல்ல இல்லத்திலும் நடக்கும். அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். அன்றைக்கே போன் செய்தார்களா? இடுப்பு வலி என்றதும் எக்ஸ்ரே எடுத்தார்களா? ஈரத் தரையா, ராத்திரி விளக்கு இல்லையா, புதிதாகக் கொடுத்த பிரஷர் மாத்திரையா என்று காரணம் தேடினார்களா? "வயசானவங்க, விழத்தான் செய்வாங்க" என்றால், மேலே எடை விஷயத்தில் சொன்ன பதிலின் மறுபதிப்புதான் அது.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். கேமரா இருக்கு, போன்லயே பார்க்கலாம்னு சொல்றாங்களே?

கேமரா ஹாலைக் காட்டும். புண்ணையோ எடையையோ காட்டாது. உள்ளூரில் ஒருவர் வேண்டும், தம்பி, சித்தப்பா, நம்பிக்கையான நண்பர் யாராவது. அவர் எந்த நேரமும் வரலாம், சார்ட் கேட்கலாம், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடலாம் என்று இல்லத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வீடியோ கால் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு நேரத்தில் இருக்கட்டும். "குதிகாலைக் கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மாசம் 30,000 சொன்னாங்க, பில் 42,000 வருது. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. டயப்பர், மருந்து, பிசியோதெரபி, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ் எல்லாம் தனி என்று ஒப்பந்தத்தின் மூலையில் இருந்திருக்கும். டயப்பருக்குப் பணம் வாங்கினால் ஒரு நாளைக்கு எத்தனை போட்டார்கள் என்ற கணக்கும் வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க ஆள் அனுப்புவார்களா, அதற்கு எவ்வளவு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், இறந்துவிட்டால் மீதிப் பணம் என்ன ஆகும்? கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சேர்க்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீட்டை எழுதிக் கொடுத்தால் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், மேலே சொன்ன 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். எண்பது வயதில் அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்?

குறை சொன்னா நாங்க போனப்புறம் அம்மா மேல காட்டுவாங்களோ?

எல்லோருக்கும் இருக்கும் பயம் இது, நியாயமான பயமும்கூட. உதவியாளரிடம் கத்தாதீர்கள், அவர் தனியாளாகப் பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பொறுப்பாளரிடம் தேதி, நேரத்தோடு எழுத்தில் கொடுங்கள். "கவனிப்பு சரியில்லை" என்றால் பதில் வராது. "செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கு வந்தபோது காலையில் போட்ட டயப்பர் அப்படியே இருந்தது" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும். அடுத்த இரண்டு வாரம் அடிக்கடி போய்வாருங்கள். நல்லது செய்தவரையும் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதுங்கள், அது பெரியவருக்கே பாதுகாப்பு.

சரியாகவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலர், அல்லது 14567 என்ற முதியோர் உதவி எண். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை கட்டணமில்லாமல் பேசலாம். மேல்கையில் விரல் பதிந்த கன்றல், தொடையில் காயம், சூடு போட்ட தழும்பு இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். போட்டோ எடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்து, போலீஸுக்குப் போங்கள்.

போறப்பல்லாம் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு அழறாங்க. கவனிப்பு சரியில்லையா, வீட்டு ஏக்கமா?

முதல் சில வாரங்களில் ஏக்கமாகவே இருக்கும். மறதி நோய் உள்ளவர்கள் சாயங்காலமானால் சொந்த வீட்டில் இருந்தபோதும் வீட்டுக்குப் போகணும் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறாரா என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் கேளுங்கள், ஊழியரைக் கேட்காதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்தால் மட்டும் பேச்சை நிறுத்துவது, தொடப் போனால் முகத்தைக் கையால் மறைப்பது, குளிக்கும் நேரத்தை நினைத்து நடுங்குவது, முன்பு பேசியவர் வாயே திறக்காமல் போவது எல்லாம் ஏக்கம் இல்லை. சொல்பவருக்கு மறதி இருக்கிறது என்பதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவருக்கும் தன்னை அடித்தவரைப் பார்த்தால் பயம் வரும்.

சரி, இது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். மாத்தினா தாங்குவாங்களா?

இடமாற்றம் பெரியவர்களைக் குழப்பும், அதனால் பருப்பில் உப்பு அதிகம் என்பதற்கெல்லாம் மாற்றவேண்டாம். புண்ணை மறைத்தார்கள், கட்டிவைத்தார்கள், அடித்தார்கள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளும் யோசனை இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மாற்றும்போது மருந்துச் சார்ட், எடைக் கணக்கு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் வாங்காமல் வண்டி ஏற்றாதீர்கள். சனி, ஞாயிறு வேண்டாம். வாரநாள் காலையில் புது இடத்தில் நர்ஸும் டாக்டரும் இருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். அவருடைய தலையணை, சாமி படம், பழகிய டம்ளர் கூடவே வரட்டும். சேர்க்கும்போதே புது இல்லத்தின் நர்ஸோடு உட்கார்ந்து தலை முதல் குதிகால் வரை பார்த்து, இருக்கிற புண், கன்றல் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அதில் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று அவருடைய ஃபைலில் இருக்கட்டும்.